முறுவலுக்கு ஓர் அளவுகோல் உண்டா?

எம்மவர் புகைப்படத்தில் சிரிப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைக் காரியாலயங்களில் குப்பை கொட்டியவன் என்ற வகையில் இதனை என்னால் உறுதியாகக் கூற முடியும். மரண அறிவித்தல், நினைவஞ்சலி, பாராட்டு விழா, புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை என்று நாளாந்தம் எமது மேசைக்கு வந்து குவியும் படங்களில் பல் தெரியும் படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் சிரிப்பு இல்லாதது நியாயம். ஆனால் கலியாணப் படத்திலும் மாப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு, வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருப்பவரைப் போலல்லவா நிற்கிறார்!

இதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். அடக்கம் என்பர் சிலர். நாங்கள் பட்ட துன்பம் என்பர் வேறு சிலர். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் எமது காரியாலயத்தில் பணிபுரிந்த புகைப்படப்பிடிப்பாளர் ஒருவர் மிக எளிமையான காரணம் ஒன்றை வைத்திருந்தார். "சிரியுங்கோ எண்டு சொன்னால் சனம் முதலிலை நினைக்கிறது தங்கடை பல்லைத்தான்" என்பார் அவர். எங்கள் ஊரில் பல் சற்று மிதந்திருந்த பையனுக்குத் 'திருவலை' என்று பட்டம் வைத்திருந்தோம். தேங்காய் துருவும் திருவலை! அவன் பின்னாளில் ஒரு பாடசாலைக்கு அதிபராகி ஓய்வும் பெற்றுவிட்டான். ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படத்திலும் உதடு திறக்கவில்லை.

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. முறுவல் என்ற சொல்லுக்குப் புன்சிரிப்பு என்றும் பொருள், பல் என்றும் பொருள். மூரல் என்ற சொல்லுக்கும் அவ்வாறே. நகை என்றாலும் சிரிப்பு, பல் இரண்டையும் குறிக்கும். (கழுத்தில் போடும் நகை வேறு கதை.) பல் வேறு, சிரிப்பு வேறு என்று எமது முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை போலும். பற்களுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொன்ன புலவர்கள் கூட, அந்த முத்து எந்த முகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். இன்றோ சிரிப்பைத் தனியே எடுத்து விலை பேசுகிறார்கள். 'ஸ்மைல் டிசைன்' என்ற பெயரில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. ஒரே வரிசை, ஒரே வெண்மை, ஒரே சிரிப்பு. முகம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

இதனை இவ்வளவு தூரம் நான் யோசிக்க நேர்ந்தது எனது கடைசித் தங்கையின் மகளால். வயது இருபத்து நான்கு. கணக்கியல் படித்து ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். படம் போனது. பின்னர் இடையில் நின்றவர் மூலம், "பிள்ளை நல்ல வடிவு, சிரிப்புத்தான் கொஞ்சம்..." என்று ஒரு வசனம் திரும்பி வந்தது. அந்த மூன்று புள்ளிகள் தங்கையின் வீட்டில் மூன்று மாத நித்திரையைக் கெடுத்துவிட்டன.

மருமகளுக்கு மேல் முன்பற்கள் சற்றே முன்னுக்கு நிற்கும். இடப்பக்கத்தில், நடுப்பல்லுக்கு அடுத்த வெட்டும்பல் கொஞ்சம் திரும்பி, நடுப்பல்லின் மேல் ஏறி நிற்கிறது. அவ்வளவுதான். தனியார் பல் வைத்திய நிலையம் ஒன்றுக்குப் (பெயர் இங்கு வேண்டாம்) போனார்கள். கம்பி போட்டால் இரண்டு ஆண்டு செல்லும், அதுவரை மாப்பிள்ளை காத்திருப்பாரா என்று கேட்டுவிட்டு, முன்பற்கள் ஆறையும் அராவி, மேலே 'வெனியர்' என்ற மெல்லிய பீங்கான் ஓடுகளை ஒட்டினால் மூன்று வாரத்தில் காரியம் முடிந்துவிடும் என்றார்களாம். கட்டணம் நான்கரை இலட்சம் ரூபா. இலண்டனில் இருக்கும் தம்பி பணம் அனுப்பத் தயார். தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, நீங்கள் நாலு பேரை அறிஞ்ச ஆள். ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

ஓய்வு பெற்றாலும் பத்திரிகைக்காரனின் பழக்கம் போகாது. ஒரு தரப்பு ஒன்றைச் சொன்னால் மறு தரப்பையும் கேட்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. எனவே வாசிக்கத் தொடங்கினேன். பல்லைப் பற்றி இவ்வளவு பெரிய சண்டை நடந்திருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பற்சீரமைப்பு என்ற துறைக்குத் தந்தை என்று கொண்டாடப்படுபவர் அமெரிக்கரான எட்வேர்ட் ஏங்கிள். 1855 இல் பிறந்து 1930 இல் மறைந்தவர். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன என்பதை வைத்து அவர் 1899 இல் வகுத்த வகைப்பாட்டைத்தான் இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கிறார்கள். பல்லைச் சரிப்படுத்தினால் முகமும் அழகாக வேண்டுமே, அப்படியானால் அழகான முகம் எது என்ற கேள்வி அவருக்கு வந்தது. வத்திக்கானில் இருக்கும் அப்பலோ பெல்வெடேர் என்ற பளிங்குச் சிலையின் பக்கவாட்டுத் தோற்றமே அவருக்கு இலட்சிய முகமாகப் பட்டது. ஒரு கிரேக்க தெய்வத்தின் மூக்கையும் நாடியையும் வைத்துக்கொண்டு சென் லூயிஸ் நகரத்துப் பிள்ளைகளின் முகத்தை அளக்கப் புறப்பட்டார்!

அவரைத் தடுத்தவர் ஒரு வைத்தியர் அல்லர், ஓவியர். எட்மண்ட் வூர்பல் என்ற அந்தக் கலைப் பேராசிரியர் ஏங்கிளின் நண்பர். அழகுக்கு ஒரு விதி சொல்லுங்கள் என்று கேட்ட ஏங்கிளிடம், மனித முகங்கள் இவ்வளவு பலவாக இருக்கையில் எல்லோருக்கும் பொதுவான ஓர் இலட்சிய முகம் இருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஏங்கிளும் ஏற்றுக்கொண்டார். ஆனால் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் அதற்கே உரிய அழகு உண்டு, முப்பத்திரண்டு பற்களும் ஒன்றும் பிடுங்கப்படாமல் ஒழுங்காகப் பொருந்தினால் அந்த அழகு தானாக வந்துவிடும் என்று புதிய விதி ஒன்றை உருவாக்கிக்கொண்டார். விதி இல்லாமல் சிலரால் உறங்க முடியாது.

அந்த விதியை உடைத்தவர் அவருடைய சீடரே. அரிசோனாவில் தொழில் புரிந்த சார்ள்ஸ் ட்வீட், குருநாதர் சொன்னபடி எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தினார். பல் வரிசை வந்தது, ஆனால் பலருக்கு வாய் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. சிலருக்குப் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பின. எனவே தாம் சிகிச்சை அளித்த நூறு பேரைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, மீண்டும் சிகிச்சை செய்து, அந்த முடிவுகளை 1940 இல் சக வைத்தியர்களின் முன் வைத்தார். அதன்பின் காற்று மறுபக்கம் வீசியது. எவ்வளவு தூரம் வீசியது என்பதற்கு வட கரோலினாப் பல்கலைக்கழகச் சிகிச்சை நிலையத்தின் பதிவேடு ஒன்று சாட்சி. 1953 இல் அங்கு கம்பி போட வந்தவர்களில் 30 சதவீதமானோருக்குப் பல் பிடுங்கப்பட்டது. 1968 இல் அது 76 சதவீதம். 1993 இல் மீண்டும் 28 சதவீதம்!

இந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகளின் தாடை சுருங்கி மீண்டும் விரிந்ததாக எவரும் சொல்லப் போவதில்லை. மாறியது வைத்தியர்களின் கண். அறுபதுகளில் உதடு உள்ளே ஒடுங்கிய தோற்றம் அவர்களுக்குச் சரியாகப் பட்டது. பிறகு பல் பிடுங்கிய முகங்கள் சிலவற்றில் வாய்ப்பகுதி குழிந்து, மூக்கும் நாடியும் பெரிதாகத் தெரிவதாக முறைப்பாடு எழுந்தது. உதடு சற்று நிறைந்த முகமே அழகு என்றார்கள். பாவம், இடையில் பிறந்த பிள்ளைகள்.

முகத்தின் வடிவத்தையும் பல்லின் வடிவத்தையும் நேரடியாக முடிச்சுப் போட்டவர் இன்னொருவர் இருக்கிறார். லியோன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர். இலண்டனில் தொழில் செய்தவர். பொய்ப்பல் கட்டுபவர்களுக்கு எந்த வடிவத்தில் பல் கொடுப்பது என்பது அவரது பிரச்சினை. மேல் நடுப்பல்லைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் அது அவரவர் முகத்தின் வடிவமாகவே இருக்கும் என்று 1914 இல் அவர் எழுதினார். சதுர முகத்துக்குச் சதுரப் பல், நாடி நோக்கி ஒடுங்கும் முகத்துக்கு ஒடுங்கும் பல், முட்டை வடிவ முகத்துக்கு முட்டை வடிவப் பல். பொய்ப்பல் உற்பத்தி செய்வோருக்கு இதைவிட வசதியான விதி கிடைக்குமா? மூன்று அச்சு போதும். பெட்டி பெட்டியாகப் பல் விற்பனையானது. பின்வந்தவர்கள் உயிருள்ள மனிதரின் முகத்தையும் பல்லையும் அளந்து பார்த்தபோது அப்படியொரு உறுதியான பொருத்தம் அகப்படவில்லை. இருந்தும் அந்த விதி இன்னும் சாகவில்லை.

'பொன் விகிதம்' பற்றியும் சொல்ல வேண்டும். சிற்பத்திலும் கட்டடத்திலும் பேசப்படும் அந்த விகிதத்தில் முன்பற்களின் அகலங்கள் அடுத்தடுத்துக் குறைந்து வந்தால்தான் அழகு என்று எழுபதுகளில் எழுதினார்கள். 1993 இல் ஓர் ஆய்வாளர் உண்மையான வாய்களை அளந்து பார்த்தார். நடுப்பல்லும் அதற்கடுத்த பல்லும் அந்த விகிதத்தில் அமைந்திருந்தோர் 17 சதவீதத்தினர் மட்டுமே. மற்றைய 83 சதவீதத்தினரும் அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் வாசித்த பின், எதுவுமே இல்லை, எல்லாம் பார்ப்பவர் கண்ணில்தான் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதுவும் சரியில்லை. சில விடயங்கள் உண்மையாகவே கண்ணில் படுகின்றன. எவை என்பதுதான் சுவாரசியம்.

1970 இல் ஹல்சி என்ற ஆய்வாளர், கம்பி போட்டுச் சிகிச்சை முடித்தவர்களின் சிரிப்பையும், இயல்பாகவே நல்ல வரிசை அமைந்து சிகிச்சையே பெறாதவர்களின் சிரிப்பையும் படமெடுத்து மற்றவர்களிடம் காட்டிப் புள்ளி போடச் சொன்னார். சிகிச்சை பெற்றவர்களுக்கே குறைந்த புள்ளி கிடைத்தது! பெரிதும் வேறுபடுத்தியது ஒரு வளைவு. சிரிக்கும்போது மேல் முன்பற்களின் நுனிகள் ஒரு மெல்லிய வளைவாகக் கீழுதட்டின் வளைவைத் தொடர்ந்து சென்றால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கம்பியால் எல்லாப் பல்லையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல் ஆக்கினால் அந்த வளைவு தொலைந்துபோகிறது. பல் நேராகிறது, சிரிப்பு தட்டையாகிறது.

1999 இல் வின்சென்ட் கொக்கிச்சும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. சிரிக்கும் வாய்களின் படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பற்சீரமைப்பு நிபுணர்கள், பொதுப் பல் வைத்தியர்கள், சாதாரண மக்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் காட்டினார்கள். மேல் நடுப்பற்களின் நடுக்கோடு நான்கு மில்லிமீற்றர் விலகியபோதுதான் நிபுணர்களே அதைக் குறையாகக் கண்டார்கள். மற்றைய இரு தரப்பினரும் நான்கு மில்லிமீற்றரிலும் ஒன்றும் காணவில்லை. சிரிக்கும்போது முரசு தெரிவதை நிபுணர்கள் இரண்டு மில்லிமீற்றரிலேயே பிடித்துவிட்டார்கள். சாதாரண மக்களுக்கு நான்கு வேண்டியிருந்தது. ஆனால் முன்பல் ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு மில்லிமீற்றர் விலகியதும் மூன்று தரப்பினரும் கண்டுகொண்டார்கள். நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. சாய்வைப் பார்த்துவிடுகிறோம். சுவரில் மாட்டிய படம் நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோணலாகத் தொங்கினால் கை தானாகப் போவதில்லையா?

இந்தத் தகவல்களை அடுக்கிக்கொண்டு அரச வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றும் பற்சீரமைப்பு வைத்திய நிபுணர் ஒருவரிடம் மருமகளையும் தங்கையையும் அழைத்துச் சென்றேன். அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளமானது, பிள்ளைகளுக்கே முன்னுரிமை. எங்களுக்கு வேண்டியிருந்தது ஆலோசனை மட்டும்தான்.

அவர் பல்லைப் பார்க்கவே இல்லை, முதலில். கதிரையில் இருத்தி, என்ன படித்தீர்கள், அலுவலகம் எங்கே, எந்தப் பேருந்தில் போகிறீர்கள் என்று பத்து நிமிடம் கதைத்தார். மருமகள் இடையில் எதற்கோ சிரித்தாள். அதற்குத்தான் அவர் காத்திருந்தார் என்பது பிறகு விளங்கியது. படத்துக்காக வலிந்து சிரிக்கும் சிரிப்பையும் தன்னை மறந்து வரும் சிரிப்பையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்றார். பிரான்ஸ் நாட்டு வைத்தியர் டுஷேன் 1862 இல் எழுதிய விடயம் அது. கன்னத்துத் தசை உதட்டின் கோடியை மேலே இழுப்பது நாம் நினைத்தாற் செய்யக்கூடியது. கண்ணைச் சுற்றிய தசை சுருங்குவது உள்ளே உண்மையான மகிழ்ச்சி இருந்தால்தான் பெரும்பாலும் நிகழும். பல்லை மறைக்கப் பழகியவர் உதட்டை இறுக்குவதால் அந்த முழுச் சிரிப்பு வெளியே வருவதேயில்லை.

பிறகு முகத்தைப் பார்த்தார். நேரே, பக்கவாட்டில், மறுபடி நேரே. மருமகளுக்கு எங்கள் குடும்பத்து மூக்கு. (எனது படத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.) உதடுகள் மெல்லியவை. நாடி உறுதியானது. "இந்த முகத்திலை நாலு பல்லைப் பிடுங்கி முன்பல்லை உள்ளுக்கு இழுத்தால் உதடும் சேர்ந்து உள்ளுக்குப் போகும். பிறகு மூக்குத்தான் முன்னுக்கு நிக்கும்" என்றார் வைத்தியர். தடித்த உதடும் சிறிய மூக்கும் ஒடுங்கிய நாடியும் உள்ள வேறொரு பெண்ணுக்கு இதே பல் இருந்திருந்தால், பிடுங்குவதைத்தான் சிபாரிசு செய்திருப்பாராம். பல் ஒன்றுதான், முகம் வேறு, ஆகவே வைத்தியமும் வேறு. முகம் நீண்டு மேல்தாடை கீழ்நோக்கி அதிகம் வளர்ந்தவர்களுக்குச் சிரிக்கும்போது முரசு தெரியும். அவர்களுக்கு முன்பல்லை எவ்வளவு நேராக்கினாலும் அது போகாது. முகம் அகலமாக இருந்து பல் வளைவு ஒடுங்கியிருந்தால் வாயின் இரு கோடிகளிலும் இருள் தெரியும். ஒருவருடைய சிரிப்பை வெட்டி இன்னொருவர் முகத்தில் ஒட்ட முடியாது என்பதற்கு அவர் அடுக்கிய உதாரணங்கள் இவை.

வெனியர் பற்றிக் கேட்டேன். அவர் முகம் சற்று இறுகியது. உடைந்த பல்லுக்கும் நிறம் மாறிய பல்லுக்கும் அது நல்ல வைத்தியம் என்றார். ஆனால் பல்லின் மேற்புறத்தில் இருக்கும் மிளிரி ஒருமுறை அராவப்பட்டால் மீண்டும் வளராது. திரும்பி நிற்கும் பல்லை நேராகக் காட்ட வேண்டுமென்றால் வழமையைவிட ஆழமாக அராவ வேண்டும், நரம்பு பாதிக்கப்பட்டால் வேர்ச் சிகிச்சையும் வரும். ஒட்டிய ஓடும் ஆயுளுக்கும் நிற்காது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாற்ற நேரலாம். இருபத்து நான்கு வயதுப் பிள்ளை அறுபது வயதுக்குள் எத்தனை முறை மாற்றுவது? பிரித்தானியாவிலிருந்து துருக்கிக்கு விமானம் ஏறிப்போய், சுகமாக இருந்த பற்களை முளைபோல் அராவி, மேலே கிரீடம் போட்டுக்கொண்டு வந்து வருந்தும் இளைஞர்களைப் பற்றி அண்மைய ஆண்டுகளில் அந்நாட்டு ஊடகங்கள் நிறைய எழுதியிருக்கின்றன. எனது தம்பிக்கு அந்தச் செய்திகளை அனுப்பி வைத்தேன்.

மருமகளுக்கு இன்னும் ஒரு குறை இருந்தது. "மாமா, கண்ணாடியிலை பார்த்தால் எனக்கு ஒண்டும் தெரியேல்லை. போனிலை எடுத்தால்தான் பல்லு முன்னுக்கு வந்து நிக்குது" என்றாள். இதற்குப் பதில் வைத்தியரைவிட எங்கள் பழைய புகைப்படப்பிடிப்பாளருக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரூடியோக்காரர் ஐந்தாறு அடி தள்ளி நின்று படம் எடுப்பார். கைத்தொலைபேசியை நாங்கள் கையெட்டும் தூரத்தில் பிடிக்கிறோம். கமெராவுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் விழும். 2018 இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட கணிப்பொன்றின்படி, பன்னிரண்டு அங்குல தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம் ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும். மூக்குக்கு நேர்வது முன்பல்லுக்கு நேராதா? கனடாவுக்குப் போன படம் அவள் தானே கையை நீட்டி எடுத்த படம்! நீண்ட முகமா வட்ட முகமா என்பதையே கமெரா நிற்கும் தூரம் மாற்றிவிடுகிறது. அந்தப் படத்தை நம்பி மிளிரியை அராவப் புறப்பட்டார்கள்.

அழகு ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே வேட்டைப்பல் வரிசையிலிருந்து மேலே துருத்தி நிற்பதை 'யயேபா' என்கிறார்கள். அது குழந்தைத்தனமான கவர்ச்சி என்று பலருக்கு விருப்பம். 2011 அளவில் தோக்கியோவில் இளம் பெண்கள் பணம் கொடுத்துச் செயற்கையாகத் துருத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரிலும் தெற்றுப்பல் வடிவு என்று சொல்லும் பெண்கள் இருந்தார்கள். பெண் பார்க்க வருகையில் மட்டும் அவர்களை அந்தப் பக்கம் காணக் கிடைக்காது.

இதையெல்லாம் வைத்து, பல்லால் ஒன்றும் ஆகாது என்று நான் வாதிட வரவில்லை. பிரித்தானியாவில் வில்லியம் ஷோ என்ற ஆய்வாளர் 1981 இல் ஒரே பிள்ளையின் படத்தில் பல்லை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டியபோது, ஒழுங்கான பல் உள்ள படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளை வடிவானது என்று மட்டும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, நட்புக்கு நல்ல பிள்ளை என்றும் சொன்னார்கள். கொடுமைதான், ஆனால் உண்மை. அதே ஷோ 1985 இல் இளைஞர்களின் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், பல்லின் நிலையைவிட முகத்தின் ஒட்டுமொத்தக் கவர்ச்சியே பெரும்பாலும் பலமாக நின்றது.

கார்டிஃப் நகரில் நடந்த நீண்ட ஆய்வொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1981 இல் பதினொன்று, பன்னிரண்டு வயதான 1,018 பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் 337 பேரை மீண்டும் பரிசோதித்தார்கள். முடிவு 2007 இல் வெளியானது. சிறுவயதில் கம்பி போட்டவர்களுக்குப் பல் வரிசை நன்றாக இருந்தது, தமது பல்லைப் பற்றிய திருப்தியும் இருந்தது. ஆனால் மனநலத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் அந்தச் சிகிச்சையால் விளைந்த நன்மை மிகச் சொற்பம். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள் அதனால் மனம் உடைந்துபோகவும் இல்லை. தங்கைக்கு இதை வாசித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரருக்குச் சாதகமும் சீதனமும் இல்லைத்தானே அண்ணை" என்றாள். மறுமொழி சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முடிவு எடுத்தவள் மருமகள். பல் பிடுங்குவதில்லை, வெனியரும் இல்லை. மேலேறி நிற்கும் அந்த ஒரு பல்லை மட்டும் கம்பி போட்டு இறக்குவது. அந்த இடுக்கில் உணவு சிக்கி முரசு அடிக்கடி வீங்குவதால் அதற்கு வைத்தியக் காரணமும் இருந்தது. முன்னுக்கு நிற்கும் தோற்றம் அப்படியே இருக்கட்டும், எனது முகத்துக்கு அது வேணும் என்று வைத்தியரிடமே சொன்னாள். நுனிகளின் வளைவை மட்டும் தட்டையாக்கிவிடாதீர்கள் என்று நான் குறுக்கிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இந்த வயதில் நீங்கள் ஏன் பல் வைத்தியம் படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

கனடாச் சம்பந்தம் சரிவரவில்லை. பல்லால் அல்ல. சாதகம் பொருந்தவில்லையாம்.

கம்பி போட்டு ஏழு மாதமாகிறது. இன்னும் இரண்டு, மூன்று மாதத்தில் கழற்றலாம் என்றும், அதன்பின் பல் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க இரவில் ஒரு தட்டு அணிய வேண்டும் என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிட்டு மீண்டும் வந்து நிற்கிறார்களாம். கம்பியோடு சிரித்தபடி எடுத்த படம் ஒன்றைப் போன கிழமை அனுப்பியிருந்தாள், ஆறடி தூரத்தில் தோழி நின்று எடுத்தது. பருத்தித்துறை வடையைக் கடிக்க முடியவில்லை என்பதே இப்போதைக்கு அவளது ஒரே முறைப்பாடு.